நார்த்தைக்கு ஊற்றிய உப்புத்தண்ணீர்

சாடிகள் எல்லாம் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தன. கழுவித் துடைத்து, வாய் கீழாக, வரிசை பிசகாமல்.

அமுதம் கையிலிருந்த துணிமூட்டையைக் கீழே வைக்கவில்லை. பூவத்தில் தங்கை அஞ்சுகத்துக்குப் பிரசவம் பார்த்துவிட்டு அப்போதுதான் விழிதியூரில் வண்டியை விட்டு இறங்கியிருந்தாள். வாசலுக்குக்கூடப் போகவில்லை, நேரே கொல்லைக்கு வந்தாள். முதல் சாடியை நிமிர்த்தி உள்ளே மோந்து பார்த்தாள். நார்த்தங்காய் வாசனை கொஞ்சமும் இல்லை. சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான் அவள் கணவன் தங்கப்பன்.

"என்னங்க, சாடியில இருந்த தண்ணி எங்க?"

தங்கப்பன் வைக்கோலைப் பார்த்துப் பேசினான். "அண்ணன்தான்..."

"அண்ணன்தான் என்ன?"

"காயி நல்லா காஞ்சிடுச்சு, இனிமே இந்தத் தண்ணி எதுக்குன்னு எடுத்து ஊத்திட்டாரு."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் இங்கதான் இருந்தேன்."

அண்ணன் ஊற்றியதைவிட இந்தப் பதில்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஊருக்குப் போகும்போது அவள் அவனிடம் சொன்ன வேலை ஒன்றே ஒன்று: காயைக் காலையில் பாயில் பரப்புவது, சாயங்காலம் திரும்பச் சாடியில் போடுவது. அதை அவன் அண்ணனிடம் தள்ளிவிட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறான்.

நார்த்தங்காய் உப்புப் போடுவதில் அந்தத் தண்ணீர்தான் எல்லாம். காயை மஞ்சள் தட்டுவதற்கு முன், தோல் பச்சையாகப் பளபளக்கும்போதே பறிக்க வேண்டும். உலுக்கிப் பறிக்கக் கூடாது, கீழே விழுந்து அடிபட்ட இடம் சாடிக்குள் அழுகும். காம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி ஒவ்வொன்றாக அறுத்து, ஒரு நாள் ஈரத்துணி போட்டு நிழலில் வைத்தால் தோல் இளகும். பிறகு தலையில் கத்தியை வைத்து, காயைச் சுற்றிக்கொண்டே அடிவரைக்கும் வர வேண்டும். துண்டாகக் கூடாது. பிடித்து இழுத்தால் வளையல் அடுக்குப் போல நீள வேண்டும், விட்டால் மறுபடி காயாகச் சேர வேண்டும். அந்தச் சுருளுக்குள் கல்லுப்பைத் திணித்துச் சாடியில் அடுக்கினால், உப்பு காயின் சாற்றை வெளியே இழுத்துவிடும். தோலில் இருக்கிற கசப்பும் சேர்ந்து வரும். சுருள் தன் சாற்றிலேயே மிதக்கும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். பகலில் சுருளை வெயிலில் போட்டால் அது வற்றும். வற்றிய சுருளைச் சாயங்காலம் அதே சாற்றில் போட்டால், தாகம் எடுத்தவன் மாதிரிக் குடிக்கும். மறுநாள் மறுபடி வெயில், மறுபடி சாறு. கசப்பை வெயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். புளிப்பும் உப்பும் மட்டும் காய்க்குள் திரும்பிப் போகும். சாடியில் ஒரு சொட்டுச் சாறு இல்லாமல் காயே எல்லாவற்றையும் குடித்து முடித்த பிறகுதான் கடைசிக் காய்ச்சல். அப்போது தோல்மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கும். அப்படிப் பூத்த காய் கப்பலில் போகும், கடல் ஈரத்துக்கு அசையாது, வருஷக் கணக்கில் கெடாது. சாறு குடிக்காத காய்? அது வெறும் தோல். மேலே மரக்கட்டை, உள்ளே கசப்பு.

பாயில் கிடந்த காய் இன்னும் பாதிகூடக் குடித்திருக்கவில்லை. அதற்குள் தண்ணீர் போய்விட்டது.

"எங்க ஊத்துனாரு?"

"அத ஒண்ணும் வீணாக்கல அமுதம்." தங்கப்பன் முகம் லேசாகத் தெளிந்தது, நல்ல செய்தி சொல்கிறவனைப் போல. "திடல்லதான். ஒன் மரத்துக்குத்தான் ஊத்துனாரு."

துணிமூட்டை அவள் கையிலிருந்து விழுந்தது.

*

திடல் என்பது அவர்கள் வயலின் கோடியில் இருந்த மேடு. ஆற்றுத் தண்ணீர் அதன்மேல் ஏறாது. ஏறாததால் அங்கே நெல் இல்லை. நெல் இல்லாத மண்ணை அந்த வீட்டில் யாரும் மண்ணாக மதித்ததில்லை. கல்யாணமாகி வந்த வருஷம் அமுதம் பூவத்திலிருந்து நார்த்தைப் பதியன்களைக் கொண்டுவந்து அங்கே வைத்தாள். தண்ணீர் ஏறாத இடம்தான் நார்த்தைக்கு வேண்டும். வேரில் தண்ணீர் நின்றால் அழுகிப்போகிற ஜாதி அது. தாகம் தணிக்கிற அளவுக்குக் குளத்திலிருந்து அவளே குடம் குடமாகச் சுமந்தாள். முள் கிழித்த தழும்பு இல்லாத இடம் அவள் முழங்கையில் இல்லை.

அந்த மேட்டின்மேல்தான் இப்போது கண். பிரெஞ்சுக்காரன் போய் மூன்று வருஷம் ஆகிறது. காரைக்காலில் புதுக் கட்டடங்களாக எழும்புகின்றன, செங்கல்லுக்குத் தட்டுப்பாடு. செங்கல் சுடும் காளவாய் வைத்திருக்கும் முத்தையன், திடல் மண்ணை அப்படியே வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று தங்கப்பனின் அண்ணன் காத்தமுத்துவிடம் கேட்டிருந்தார். மண்ணை எடுத்துவிட்டால் மேடு பள்ளமாகும், பள்ளத்தில் நெல் போடலாம். காத்தமுத்துவுக்கு அது ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அமுதம் சண்டை போட்டுத்தான் ஒரு தவணை வாங்கியிருந்தாள். காரைக்கால் வியாபாரி நாகூர் மீரான் அவள் போடுகிற நார்த்தங்காயைப் பினாங்குக்கு அனுப்பப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். இந்தப் பங்குனிக் காயை அவர் எடுத்துக்கொண்டால் திடல் நிற்கும். எடுக்காவிட்டால் மரத்தை வெட்டி மண்ணைக் கொடுத்துவிடுவது. தங்கப்பன் முன்னிலையில், அதாவது அவன் தலையாட்ட, முடிந்த பேச்சு.

*

அவள் திடலுக்கு ஓடினாள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் பாத்தி கட்டி, அன்போடு, தாராளமாக ஊற்றியிருந்தது. தண்ணீர் வற்றிய இடத்தில் மண்ணின் மேல் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

திடலை ஒட்டிய வரிசையில் இருந்த தென்னையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று விழுந்தது. அதைத் தொடர்ந்து காத்தமுத்து அரிவாளோடு இறங்கி வந்தார்.

"என்னம்மா, வந்துட்டியா? தங்கச்சிக்கு என்ன கொழந்த?"

கணவனின் அண்ணனுக்கு எதிரே நின்று பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இத்தனை வருஷமும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அவள் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். இன்று எதிரே நின்றாள்.

"மாமா, இந்தத் தண்ணிய நீங்க ஏன் ஊத்துனீங்க?"

"ஏன்னா? சும்மா கொட்டுனா வீணுல்ல? அத்தன உப்பு! மரத்துக்காவது ஆகட்டும்னுதான்."

"நார்த்தைக்கு உப்பு ஆகும்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

காத்தமுத்து சிரித்தார். சின்னப் பிள்ளையிடம் பேசுகிற சிரிப்பு. "தென்னங்கன்னு வைக்கிற குழியில உப்பப் போட்டுட்டுத்தானே வைக்கிறோம்? மழைக்கு முன்னால மரத்துக்கு ஒரு படி உப்பு வைக்கிறேன், பாரு எப்புடிக் காய்க்குதுன்னு. உப்புல ஊக்கம் புடிக்காத மரம் ஏது?"

"தென்ன கடல் தண்ணியிலயே நிக்கும் மாமா. இது நிக்காது. இதுக்குச் சல்லிவேரு ஒரு சாணுக்குள்ள மேலாப்புலயே கெடக்கு. நீங்க ஊத்துனது அது தலயிலயே ஊத்துனாப்புல. மண்ணு உப்பாச்சுன்னா வேரால தண்ணிய இழுக்க முடியாது. கொளத்துக்குள்ள வச்சாலும் காஞ்சி சாவும்!"

"சத்தம் போடாத. நாலு பேரு பாக்குறான்."

"பாக்கட்டும். எல்லாரும் வந்து பாக்கட்டும். முத்தையனுக்கு மண்ணு குடுக்கணும், மரம் குறுக்கால நிக்குது. வெட்டுனா பழி வரும். அதுக்கு ஊத்திக் கொல்லுறது லேசுன்னு செஞ்சீங்களா?"

காத்தமுத்துவின் முகம் கறுத்தது. பிறகு அரிவாளால் தன் தென்னையின் அடியைக் காட்டினார். அங்கேயும் பாத்தி, அங்கேயும் அதே வெள்ளை ஆடை.

"கடைசிச் சாடிய என் மரத்துக்கு ஊத்துனேன். கொல்லுறவன் எம்மரத்துக்கும் ஊத்துவேனா? என்ன பேச்சு பேசுற நீ!"

அமுதம் அதைப் பார்த்தாள். அவர் சொல்வது மெய் என்று தெரிந்தது. வேண்டுமென்று செய்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. கெடுக்க நினைத்தவனைத் திட்டித் தீர்த்துவிடலாம். இவர் நல்லது செய்திருக்கிறார். கேட்காமல் செய்திருக்கிறார். பத்து வருஷமாக அவள் இந்த மேட்டில் நின்றிருக்கிறாள், இது என்ன மரம், எப்படித் தண்ணீர் வைப்பாய் என்று ஒரு நாள், ஒரு வார்த்தை, அவர் கேட்டதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒங்க வாயில இருக்குற வெத்தல கீழ விழுந்திடுமா?"

"மரத்துக்கு உப்பு வக்கிறதுக்கு ஒன்னயக் கேக்கணுமா?" காத்தமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒண்ணும் ஆகாது. ஒரு மாசத்துல தளதளன்னு வரும், அப்ப வந்து என்னய என்ன கேக்குறன்னு பாப்போம்."

*

மண்ணில் இறங்கிய உப்பை எடுக்க ஒரே வழி, அதைத் தண்ணீரிலேயே கரைத்து வேருக்குக் கீழே அனுப்புவது. மேலே கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு நனைந்து மறுபடி அங்கேயே உட்காரும். நிறைய ஊற்ற வேண்டும், ஊற்றியது நிற்காமல் வடிய வேண்டும். அதற்காக அமுதம் மேலே வெள்ளைபட்ட மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளித் திடலின் ஓரத்தில் கொட்டினாள். மரங்களுக்கு நடுவே வாய்க்கால் பறித்தாள். பிறகு குளத்துக்கும் திடலுக்குமாக நடந்தாள். தங்கப்பனும் குடம் தூக்கினான். அவனோடு அவள் பேசவில்லை. அவன் வழுக்கி விழுந்து குடம் உடைந்தபோதும் பேசவில்லை.

பங்குனி வெயிலில் குளமே சேறு காட்டிக்கொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் வர இன்னும் மாதங்கள் இருந்தன. இரண்டு பேர் இடுப்புக் குடத்தால் ஒரு திடலைக் கழுவுவது எவ்வளவு நடக்கும்? ஒரு மரத்தைக் கழுவி அடுத்த மரத்துக்குப் போவதற்குள் இலைகள் சொல்லிவிட்டன. முதலில் நுனி, நெருப்புக்குச்சியால் தொட்டது போல. பிறகு அந்தப் பழுப்பு ஓரமாக இறங்கியது. பிறகு பச்சை இலையே கொத்துக் கொத்தாக உதிர்ந்தது.

காத்தமுத்து அந்தப் பக்கம் வருவதை நிறுத்தினார். உதிர்ந்த இலையை அமுதம் ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் கொட்டிவிட்டு வந்தாள்.

*

நாகூர் மீரான் சொன்னபடி வந்தார். வண்டியை நிழலில் விட்டுவிட்டு, பாயில் கிடந்த நார்த்தங்காய்களின் முன்னால் குந்தினார். வீட்டின் ஓரமாகக் காத்தமுத்துவும் வந்து நின்றார்.

மீரான் ஒரு சுருளை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். பட்டென்று ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஒடிந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டு, முகம் சுளித்து, வேலியோரம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"என்னா தங்கச்சி இது? வளையணும். ஒடியப்படாது. போன தடவை மாதிரிக்கு நீ குடுத்தது நாக்குல கரைஞ்சுதே, அதக் காட்டித்தானே பினாங்குல நான் பேச்சே பேசுனேன்!"

"சாறு குடிக்கல பாய். குடிக்க விடல."

"யாரு விடல?"

அமுதம் திரும்பிக் காத்தமுத்துவைப் பார்த்தாள். பார்த்த பார்வையை எடுக்கவில்லை. மீரானும் அந்தப் பக்கம் பார்த்தார். காத்தமுத்து காக்கையை விரட்டுகிறவர் போலக் கையை வீசினார்.

"இதக் கப்பல்ல ஏத்துனா வழியிலயே பூசணம் புடிக்கும். நான் எடுக்க மாட்டேன், வருத்தப்படாத," என்றார் மீரான் எழுந்து. "மரம் இருக்குல்ல? ஆடிக்கு மேல காய் வருமுல்ல? அப்ப போடு. அல்லா நாடுனா அடுத்த கப்பல் இருக்கு."

"மரம் இருந்தா வரும் பாய்."

"இருந்தான்னா?"

"முத்தையன் மண்ணெடுக்க நாளைக்கி வாரான்," என்று காத்தமுத்து இடையில் புகுந்தார். குரலில் தெம்பு இல்லை, ஆனாலும் சொன்னார். "பேச்சு பேச்சுதான். நீங்க காய எடுக்கல. தம்பி, நீ சொல்லு, அதான பேச்சு?"

தங்கப்பன் தலை வழக்கம் போல ஆட ஆரம்பித்தது. அமுதத்தின் கண்ணைப் பார்த்ததும் பாதியில் நின்றது. ஆமாம் என்றும் ஆகவில்லை, இல்லை என்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தலை அண்ணன் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை.

*

மறுநாள் காலையில் முத்தையன் மண்வெட்டியோடு திடலில் ஏறினார். இலை உதிர்ந்த மரங்களைப் பார்த்தார். "மரமும் பட்டுப்போச்சு. வெட்டுற வேல மிச்சம்," என்றார் காத்தமுத்துவிடம் சந்தோஷமாக. காத்தமுத்து சந்தோஷப்படவில்லை.

அமுதம் வாய்க்காலை வெட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

காளவாய்க்காரர் மண்ணைக் கண்ணால் மட்டும் பார்க்க மாட்டார். முத்தையன் ஒரு கட்டி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். விரல் நீளத்துக்குத் திரித்து வளைத்தார். விரிசல் விடவில்லை. "பசை இருக்கு," என்று தலையாட்டினார். பிறகு ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தார்.

துப்பினார்.

வேறு இடத்தில் வெட்டினார். நாக்கில் வைத்தார், துப்பினார். முழங்கை ஆழத்துக்கு வெட்டிப் பார்த்தார். அமுதம் இத்தனை நாளும் ஊற்றிய தண்ணீர் உப்பை வேருக்குக் கீழேதான் இறக்கியிருந்தது. ஆனால் இன்னும் திடலை விட்டு வெளியே வடிந்துவிடவில்லை. இடையில் பெய்த ஒரு தூறலும் அதை அங்கங்கே பரப்பியிருந்தது.

"என்னாங்க இது, வேதாரணியத்து உப்பளமா?" முத்தையன் நாக்கைத் துண்டால் துடைத்தார். "மாசி மாசம் பாத்தப்ப இனிப்பா இருந்துதே மண்ணு!"

"கொஞ்சம் உப்புத் தண்ணி பட்டிருக்கு," என்றார் காத்தமுத்து.

"கொஞ்சமா? இந்த மண்ணுல கல்லு அறுத்துச் சுட்டேன்னு வைங்க, சுவத்துல வச்ச மறு வருசமே உப்புப் பூக்கும். பூத்துப் பூத்துப் பொடியா உதிரும். எம்பேரு கெட்டுப்போவும். எனக்கு வேணாங்க."

"மேலாப்புல வழிச்சுட்டு எடுத்துக்கலாமே?"

"அடியிலயும் கரிக்குதே! யாருங்க இப்புடிக் கொண்டாந்து ஊத்துனது? வெவரங் கெட்ட பய."

அமுதத்தின் மண்வெட்டி நின்றது. அவள் நிமிர்ந்து காத்தமுத்துவைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. சிரிக்க வேண்டிய இடம் அது, ஆனால் அவளுக்குள் அதற்கு இடமில்லை.

"சொல்லுங்க மாமா," என்றாள். "யாருன்னு கேக்குறாருல்ல? சொல்லுங்க."

காத்தமுத்து தன் தென்னைப் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்தையன் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்போடு போனார்.

"நெல்லும் போட முடியாது இனிமே," என்றாள் அமுதம். குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எறிகிற கல்லாக விழுந்தது. "உப்பு மண்ணுல நாத்து புடிக்குமா? செங்கல்லும் இல்ல, நெல்லும் இல்ல. என் மரம் பொழச்சாத்தான் இந்தத் திடலுக்குப் பேரு திடலு. இல்லேன்னா இது ஒங்க உப்புச் சாடி, காலத்துக்கும் பாத்துக்கிட்டே இருங்க."

காத்தமுத்து ஒரு நார்த்தைக் கிளையைப் பிடித்து நகத்தால் தோலைச் சுரண்டினார். உள்ளே பச்சை இருந்தது. இன்னொரு மரத்தில் சுரண்டினார். அங்கே பழுப்பு. திடலை விட்டு இறங்கிப் போனார்.

அவர் போய்விட்டார் என்றுதான் அமுதம் நினைத்தாள். வெயில் ஏறியபோது குளத்துக் கரையிலிருந்து தகரம் முனகுகிற சத்தம் கேட்டது. காத்தமுத்து தோளில் காவடித் தண்டு வைத்து, இரண்டு பக்கமும் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் தளும்ப மேட்டில் ஏறி வந்தார். தங்கப்பன் இடுப்பில் குடத்தோடு பின்னால். வரப்பில் போன இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தம்பி பெண்டாட்டி வெட்டுகிற வாய்க்காலுக்கு மூத்தார் தண்ணீர் சுமப்பதை அந்த ஊர் பார்த்ததில்லை.

காத்தமுத்து முதல் மரத்தின் அடியில் டின்னைச் சாய்க்கப் போனார். சாய்த்த கை நின்றது.

"எங்க ஊத்தணும்?"

அமுதம் மண்ணை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏம்மா, கேக்குறேன்ல? எங்க ஊத்தணும்?"

அவள் நிமிர்ந்தாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போது மொட்டை மரங்களுக்கு நடுவே, இரண்டு டின் தண்ணீரோடு வந்து நிற்கிறது.

"தூருல ஊத்தாதீங்க," என்றாள். "உச்சி வெயிலுக்குக் கிளையோட நெழலு எங்க வந்து முடியுதோ, அந்த வட்டத்துல ஊத்துங்க. வேரோட வாயி அங்கதான் இருக்கு. மெதுவா ஊத்துங்க, மண்ணு கரையக் கூடாது."

அவர் ஊற்றினார். தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தது போதும். போயி அடுத்தத எடுத்தாங்க. சாடி சாடியா ஊத்துனீங்கல்ல, அது வெளிய போற வரைக்கும் டின்னக் கீழ வைக்கப்படாது."

காத்தமுத்து காவடித் தண்டை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு குளத்துக்கு இறங்கினார்.